வீடு ஒரு கவுண்டி, கிளப் ஒரு கவுண்டி: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

ஃபெரிபேங்க்_அப்பா

ஜிஏஏ, அதான் அயர்லாந்துல ஹர்லிங்கும் கேலிக் கால்பந்தும் நடத்துற அமைப்பு, அதை இங்க யாருக்கும் விளக்க வேண்டாம், நேரா விஷயத்துக்கு வர்றேன். எங்க வீடு ஷூர் ஆத்துக்கு வடக்கே. கவுன்சில்ல இருந்து வர்ற கடுதாசி எல்லாம் கில்கென்னி கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி). பையன் மட்டையும் பந்துமா ஹர்லிங் ஆடுற கிளப் வாட்டர்ஃபோர்டு கவுண்டியைச் சேர்ந்தது. பள்ளிக்கூடத்துல பாதிப் பசங்க கில்கென்னியோட கறுப்பு-மஞ்சள், பாதிப் பசங்க வாட்டர்ஃபோர்டோட வெள்ளை-நீலம். எங்காளுக்குக் கில்கென்னி வீரர் டி.ஜே. ரீட்னா உயிர். பொறந்தநாளுக்குக் கில்கென்னி ஜெர்சி கேட்டான், வாங்கிக் குடுத்தோம். ஒரு சனிக்கிழமை பயிற்சிக்கு அதையே மாட்டிக்கிட்டு வந்துட்டான்.

மைதானத்துக்கு வெளியே நின்னு பார்த்துட்டிருந்த ஒரு தாத்தா, வேற ஏதோ பையனோட தாத்தா, மெதுவா நடந்து வந்தார். தன் கோட்டைக் கழட்டி எங்க பையனுக்குப் போட்டு, கழுத்து வரைக்கும் பட்டன் மாட்டிவிட்டார். "குளிரும் கண்ணா, போட்டுக்கோ." ஜூன் மாசம்! வெயில் மண்டையைப் பொளக்குது. சுத்தி நின்னவங்க எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். பையன் மட்டும் அப்படியே நின்னான். கை ரெண்டும் கோட்டுக்குள்ள தொலைஞ்சு போச்சு, ஹர்லி மட்டையோட நுனி மட்டும்தான் கீழ எட்டிப் பாக்குது.

அதுக்கப்புறம் அந்த ஜெர்சியை அவன் தொடவே இல்ல. கேட்டா "சின்னதாயிடுச்சு"ங்கிறான். ஆகலை. அந்தத் தாத்தா பண்ணது வேடிக்கையா, இல்ல வேற எதுவுமா? யாருக்காவது இந்த மாதிரி நடந்திருக்கா?

பாலத்துக்கு_அந்தப்பக்கம்

சார், இது சும்மா விளையாட்டு. நான் லிமரிக்ல நர்ஸ், குடியிருக்கிறது டிப்பரரி கவுண்டி பாலினா. ஷானன் மேல பழைய கல்பாலம், அந்தப் பக்கம் கில்லலூ, அது கிளேர். ஒரே ஊருன்னுதான் வந்த புதுசுல நினைச்சேன். சாமான் வாங்குறது அங்க, சலூன் இங்க.

2024-ல கிளேர் ஆல்-அயர்லாந்து ஹர்லிங் கோப்பையை ஜெயிச்சுது, 2025-ல டிப்பரரி. ரெண்டு தடவையும் ஃபைனல்ல தோத்தது கார்க், பாவம். கிளேர் கொடி காவி மஞ்சளும் நீலமும், டிப்பரரி நீலமும் தங்கமும். தூரத்துல இருந்து பார்த்தா எனக்கு ரெண்டும் ஒண்ணுதான், ஆனா அதை இங்க சத்தமா சொல்லிடாதீங்க.

மனசுல நிக்கிறது 2025 ஃபைனல் அன்னிக்கு சாயங்காலம். பாதி ஆட்டத்துல கார்க் 6 பாயின்ட் முன்னால, தெருவே இழவு வீடு மாதிரி இருந்துச்சு. ரெண்டாம் பாதியில கார்க் மொத்தமே 2 பாயின்ட்தான், டிப்பரரி 3 கோல் போட்டு அள்ளிட்டாங்க. ஆட்டம் முடிஞ்சதும் பக்கத்து வீட்டுப் பொண்ணு, ஆறு வயசு இருக்கும், கொடியைத் தூக்கிட்டுப் பாலத்துல ஓடுது. நடுப் பாலம் வந்ததும் டக்குனு நின்னு திரும்பி ஓடி வருது. மறுபடியும் நடு வரைக்கும், மறுபடியும் திரும்பி. அங்க கோடு எதுவும் கிடையாது. யார் சொல்லிக் குடுத்தாங்கன்னு அவங்க அம்மாவைக் கேட்டேன். "யாரும் சொல்லலையே"ன்னாங்க. அந்த அம்மா பொறந்ததே கில்லலூவுலதான்!

மேற்கு_அயர்லாந்து_குமார்

ஃபெரிபேங்க் அண்ணா, தாத்தா பண்ணது தப்பே இல்ல. கிளப் பிட்ச்சுக்கு எதிர்க் கவுண்டி ஜெர்சியில போனா கோட்டு வரத்தான் செய்யும். உங்க கடுதாசி எந்தக் கவுண்டிக்கு வருதுங்கிறது அங்க யாருக்கும் கணக்கு இல்ல.

இதுக்கு பாலஹதெரீன்தான் சாட்சி. நான் அங்க மூணு நாலு வருஷம் இருந்தேன். அந்த ஊர் மேயோவுல இருந்துச்சு, 1898 உள்ளாட்சிச் சட்டத்துல ரோஸ்காமனுக்குப் போயிடுச்சு. ஜிஏஏ தொடங்கினது 1884-ல. சட்டம் கவுண்டி எல்லையை நகர்த்திச்சு, கிளப் நகரலை, இன்னிக்கும் மேயோவுக்குத்தான் ஆடுது. 2017-ல வருஷத்தின் சிறந்த கேலிக் கால்பந்து வீரர் விருது வாங்கின ஆண்டி மோரன் அந்தக் கிளப்காரர்தான், ஆடினது மேயோவுக்கு. 1951-க்கு அப்புறம் மேயோ ஆல்-அயர்லாந்து கால்பந்து ஃபைனல் ஜெயிச்சதே இல்ல. அதுக்காக ஒருத்தனும் ரோஸ்காமன் பக்கம் சாயலை.

என் கூட வேலை பார்த்தவரோட அப்பா இறந்தப்போ போயிருந்தேன். சர்ச்சுல இருந்து கல்லறை வரைக்கும் ரெண்டு பக்கமும் கிளப் ஆளுங்க வரிசையா நின்னாங்க. பெட்டி மேல பச்சை-சிவப்பு மேயோ கொடி. நடக்கிறது ரோஸ்காமன் மண்ணு, போக்குவரத்தை நிறுத்தி வழி விட்டது ரோஸ்காமன் போலீஸ். என் பக்கத்துல நின்னவர் குசுகுசுன்னு சொன்னார்: "இவர் பொறந்தது, வாழ்ந்தது, செத்தது எல்லாம் ரோஸ்காமன்லதான். ஆனா அதை அவர் ஒத்துக்கிட்டதே இல்ல."

கில்காக்_ரமேஷ்

எங்களுக்கு வீடு மீத், கிளப் கில்டேர். ஒரு பிரச்சினையும் இல்ல.

ஆனா குமார் சொல்றதை அப்படியே எடுத்துக்காதீங்க. அது பழைய ஊர், நூறு வருஷப் பிடிவாதம். உங்க பையனுக்குக் கில்கென்னிதான் பிடிக்கும்னா இப்பவே யோசிங்க. மொதல்ல, பையன் எந்தக் கிளப்ல பதிவு ஆகியிருக்கான்னு ஜிஏஏவோட ஃபொய்ரன் ஆப்புல பாருங்க. நிறைய கவுண்டியில சர்ச் பங்கு (parish) எல்லைப்படிதான் கிளப், அந்த எல்லையைத் தாண்டி ஆடணும்னா இடமாற்றம் கேட்கணும். வயசு ஏற ஏற அது கஷ்டம். சின்ன வயசுல மாத்தினா யாரும் கண்டுக்க மாட்டாங்க, பதினெட்டுல மாத்தினா ஊரே பேசும்.

2012-ல ஷானி ஜான்ஸ்டன் கதை தெரியும்ல? கேவன்காரர், கால்பந்து வீரர், கில்டேருக்கு மாறப் பார்த்தார். புதுக் கவுண்டியில கிளப் சாம்பியன்ஷிப் ஒண்ணு ஆடியிருக்கணும்னு விதி. அதுக்காக அவரை ஹர்லிங் ஆட்டத்துல கொஞ்ச நேரம் இறக்கிவிட்டு விதியை நிறைவேத்தினாங்க! அப்புறம் கில்டேர் ஜெர்சி போட்டுக் கேவனுக்கு எதிராவே, கேவன் மைதானத்துலயே இறங்கினார். வாங்கின வசவு கொஞ்சமா நஞ்சமா? அதே சமயம் லாரி டாம்ப்கின்ஸைப் பாருங்க. கில்டேருக்கு ஆடினவர், கார்க் போய் 1990-ல கார்க் கேப்டனாவே கோப்பையைத் தூக்கினார். அவரை யாரும் திட்டலை. அங்கேயே குடியிருந்து, அங்க ஒரு கிளப்புக்கு உழைச்சார். அதனால மாறுறதுன்னா முழுசா மாறணும். இன்னொண்ணு, கிளப் கூட்டத்துக்குப் பெற்றோர் போகணும், டீ போடுற வேலையாவது எடுத்துச் செய்யணும். நம்ம ஆளுங்க பிள்ளையை இறக்கிவிட்டுக் கார்லயே உக்காந்துடறோம். அப்புறம் எப்படி நம்மளை ஊர்க்காரங்களா நினைப்பாங்க? ஹெல்மெட்டும் நல்லதா பார்த்து வாங்குங்க, கொஞ்சம் பெருசா வாங்கினா ரெண்டு வருஷம் ஓடும்னு வாங்காதீங்க.

ஃபெரிபேங்க்_அப்பா

ரமேஷ் சார், இடமாற்றம் பத்தி நான் கேட்கவே இல்லையே. அவனுக்கு அவன் கிளப் பிடிச்சிருக்கு. கூட்டாளிங்க எல்லாம் அங்கதான். ரீடையும் பிடிச்சிருக்கு, அவ்வளவுதான். டீயும் போட்டிருக்கேன் சார்.

கில்காக்_ரமேஷ்

பொதுவா எல்லாருக்கும் சொன்னேன்.

லாகன்_கரை_சுபா

நான் பெல்பாஸ்ட்டிலை இருக்கிறன், சொந்த ஊர் யாழ்ப்பாணம். இங்கை லாகன் ஆறுதான் அன்ட்ரிம் கவுண்டிக்கும் டவுன் (Down) கவுண்டிக்கும் எல்லை. பெல்பாஸ்ட் எண்டாலே அன்ட்ரிம் எண்டு சனம் நினைக்கும், ஆனா ஆத்துக்குக் கிழக்கை இருக்கிற எங்கட பக்கத்துக் கிளப் டவுனோடை சேர்ந்தது. 2020-லைதான் தொடங்கினது. பிரித்தானியாவோடை சேர்ந்திருக்க விரும்புற, ஜிஏஏவை ஐரிஷ் தேசியவாதிகளின்ரை எண்டு பாக்கிற யூனியனிஸ்ட் ஆக்கள் கூட இருக்கிற பகுதி, அங்கை அதுக்கு முந்தி உப்பிடி ஒண்டை யோசிச்சுக்கூடப் பாத்திருக்க ஏலாது. கிளப் சின்னத்திலை கப்பல் கட்டுற இடத்துக் கிரேன் இருக்கு, "ஒன்றாக" எண்டு ஐரிஷ், ஆங்கிலம், அல்ஸ்டர் ஸ்கொட்ஸ் மூண்டு மொழியிலையும் எழுதியிருக்கு. தொடங்கின புதுசிலை மிரட்டலும் வந்தது.

என்ரை மகள் அங்கை கமோகி, அதாவது பெண்களின்ரை ஹர்லிங், விளையாடுறாள். முதல் நாள் பஸ்ஸுக்குப் போகேக்கை நான் சொன்னன், கிளப் சட்டைக்கு மேலை ஜக்கெட்டைப் போட்டு சிப்பை இழு எண்டு. அவள் "ஏன்?" எண்டு கேட்டாள். நான் குளிருது எண்டன். அண்ணை, உங்கட தாத்தா சொன்ன அதே பொய்! அவர் பகிடிக்குச் சொன்னார், நான் பயத்திலை சொன்னன். எங்கை எந்த உடுப்போடை போகக் கூடாது எண்டு கணக்குப் பாத்து வளந்த ஆள் நான். அது லேசிலை போகாது. அவள் பஸ்ஸுக்குள்ளை ஏறினதும் கழட்டி மடியிலை வைச்சாள். முன்சீற்றிலை இருந்த வயசான அம்மா ஒராள் திரும்பிச் சின்னத்தைப் பாத்தா. பிறகு என்னைப் பாத்தா. இறங்கும் வரைக்கும் ஒண்டும் கதைக்கேல்லை. நல்லதுக்கோ கெட்டதுக்கோ எண்டு இப்பவும் எனக்குத் தெரியேல்லை.

மேற்கு_அயர்லாந்து_குமார்

சுபா அக்கா, அதையும் இதையும் ஒண்ணா வைக்காதீங்க. அங்க அரசியல். ஃபெரிபேங்க்ல வெறும் ஜெர்சி.

லாகன்_கரை_சுபா

ஒண்டாய் வைக்கேல்லை தம்பி. பிள்ளைக்கு ரெண்டும் ஒரே கோட்டுத்தான் எண்டுதான் சொன்னன்.

பாலத்துக்கு_அந்தப்பக்கம்

கில்கென்னி ஆல்-அயர்லாந்து ஹர்லிங் 36 தடவை ஜெயிச்சிருக்கு. வாட்டர்ஃபோர்ட் கடைசியா ஜெயிச்சது 1959, அதுவும் கில்கென்னியை மறு ஆட்டத்துல தோக்கடிச்சு. அந்தத் தாத்தாவுக்கு அப்போ பத்து, பன்னெண்டு வயசு இருக்கும். ஒருவேளை நேர்லயே பார்த்திருப்பார். ஃபெரிபேங்க் சார், அவர் கிட்ட அதைப் பத்திக் கேட்டுப் பாருங்க, பையனையும் கூட்டிட்டுப் போங்க.

ஃபெரிபேங்க்_அப்பா

அது தோணலை. வர்ற சனிக்கிழமை வருவார்னு நினைக்கிறேன், கேட்கிறேன். பையன்கிட்ட இப்பத்தான் சொன்னேன், "அப்ப அந்தக் கோட்டு வேணாம்னு அவர்கிட்ட முன்னாடியே சொல்லிடு"ங்கிறான்.