ஃபேக்ஸ் இரண்டாம் பக்கத்தில் நின்றுவிடுகிறது: ஈசிஎம், சூப்பர் ஜி3, ஓவர்சீஸ் மோட் இதில் எதை மாற்றுவது?

முத்துநகர் கணக்கர்:
தூத்துக்குடியில் மீன் ஏற்றுமதி அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். ஒசாகா வாடிக்கையாளர் மெயிலும் பார்ப்பார், ஆனால் பேக்கிங் லிஸ்ட் மட்டும் சீல் போட்டு ஃபேக்ஸில்தான் வர வேண்டும். போன மாதம் லேண்ட்லைனைச் செம்புக் கம்பியிலிருந்து ஃபைபருக்கு மாற்றினார்கள். இப்போது ஃபேக்ஸ் வயர் மோடத்தின் பின்னால் உள்ள போன் போர்ட்டில் இருக்கிறது. பேசினால் தெளிவாகக் கேட்கிறது. ஃபேக்ஸ் அனுப்பினால் முதல் பக்கம் போய்விடும், இரண்டாவது பாதியில் 'கம்யூனிகேஷன் எரர்'. மெனுவில் ஈசிஎம், சூப்பர் ஜி3, ஓவர்சீஸ் மோட், போலிங் என்று ஏதேதோ இருக்கிறது. எதைத் தொடலாம்?

நகல் கடை:
ஈசிஎம்மை ஆஃப் செய்யுங்க. என் கடையில் அதோடு சரியாகிவிட்டது.

பழைய டெலிகாம்:
அண்ணாச்சி, அதற்குள் ஈசிஎம்மைத் தொடாதீர்கள். முதல் பக்கம் போகிறது என்பதிலேயே பாதி பதில் இருக்கிறது.

டயல் செய்யும் மெஷின் சில வினாடிக்கு ஒருமுறை 1100 ஹெர்ட்ஸில் 'பீப்' கொடுக்கும். அது சிஎன்ஜி. எடுக்கும் மெஷின் 2100 ஹெர்ட்ஸில் நீளமாகக் கத்தும், அது சிஇடி. அப்புறம் வருகிற கரகர சத்தம்தான் ட்ரெய்னிங், இரண்டும் எந்த வேகத்தில் பேசலாம் என்று பார்த்துக்கொள்வது. சூப்பர் ஜி3 என்றால் வினாடிக்கு 33,600 பிட் வரை. சாதாரண ஜி3 மெஷின் 14,400-இல் தொடங்கி, லைன் சரியில்லை என்றால் 9,600, 7,200 என்று இறங்கும். உங்களுக்கு இதெல்லாம் முடிந்து ஒரு பக்கமும் போயிருக்கிறது. ஆகவே எண்ணையும் எதிர்முனையையும் சந்தேகப்பட வேண்டாம். அந்த வேகத்தை உங்கள் லைன் ரொம்ப நேரம் தாங்கவில்லை, அவ்வளவுதான்.

ஃபைபரில் சத்தம் சின்னச் சின்ன பாக்கெட்டாகப் போகிறது. ஒன்று தொலைந்தால் காது அதைக் கண்டுகொள்ளாது. ஃபேக்ஸ் மோடம் அந்த இடத்தில் தடுமாறிவிடும். வேகம் கூடக்கூடத் தடுமாற்றமும் கூடும்.

ஈசிஎம் என்பது பிழை திருத்தம். பக்கத்தைத் துண்டு துண்டாக அனுப்புவார்கள், பெரும்பாலும் 256 பைட் கொண்ட துண்டு. எதிர்முனை "இன்ன துண்டு கெட்டுவிட்டது" என்று சொல்ல, அதை மட்டும் திரும்ப அனுப்பும். லைன் மோசமானால் திருப்பி அனுப்பியே அலுத்துப்போய்க் கட் ஆகும். உங்கள் எரர் அதுதான் என்று நினைக்கிறேன். ஆஃப் செய்தால் கட் ஆகாது, ஆனால் கெட்ட வரி கெட்டபடியே அச்சாகும். ரிப்போர்ட்டில் 'ஓகே' வந்திருக்கும், அங்கே 1,840 கிலோவில் 8 பாதி அழிந்து 3 மாதிரி நிற்கும். பேக்கிங் லிஸ்ட்டில் இதை விடலாமா?

முதலில் சூப்பர் ஜி3-ஐ நிறுத்தி, அனுப்பும் வேகத்தை 9,600-க்கு இறக்குங்கள். ஈசிஎம் ஆனிலேயே இருக்கட்டும்.

நகல் கடை:
அப்போ எனக்கு மட்டும் எப்படிச் சரியானது?

பழைய டெலிகாம்:
33,600 வேகத்துக்கு ஈசிஎம் கட்டாயம். அதை ஆஃப் செய்ததும் உங்கள் மெஷின் தானாக 14,400-க்கு இறங்கியிருக்கும். வேலை செய்தது வேகம் குறைந்ததால்தான் இருக்கும். பிரதர் மெஷின்களில் 'கம்பாட்டிபிலிட்டி' என்ற இடத்தில் 'பேசிக்' வைத்தால் 9,600-க்கு இறக்கி ஈசிஎம்மையும் சேர்த்தே நிறுத்திவிடும். அது கடைசி வழி.

முத்துநகர் கணக்கர்:
9,600 வைத்தேன். நாலு பக்கமும் போய்விட்டது, நேரம்தான் கூட ஆகிறது. இன்னும் இரண்டு தொல்லை. சீல் தெளிவில்லை என்கிறார், போட்டோ மோட் போடலாமா? அப்புறம், எங்களுக்குப் போன் செய்பவர்கள் காதில் மெஷின் கத்துகிறதாம்.

பழைய டெலிகாம்:
போட்டோ வேண்டாம், அது சாம்பல் நிறத்தைப் புள்ளிபுள்ளியாக்கி டேட்டாவைப் பெருக்கிவிடும். 'ஃபைன்' போதும். ஸ்டாண்டர்டில் மில்லிமீட்டருக்கு 3.85 வரி, ஃபைனில் 7.7. நேரமும் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பதால் சீல் உள்ள பக்கத்துக்கு மட்டும் வையுங்கள்.

கத்துவது 'ஃபேக்ஸ் ஒன்லி' மோடில் இருப்பதால். 'ஃபேக்ஸ்/டெல்' வைத்தால் மெஷின் எடுத்து 'பீப்' இருக்கிறதா என்று கேட்கும், இல்லையென்றால் உங்களைக் கூப்பிட வேறு மாதிரி மணி அடிக்கும். போலிங் என்பது எதிர்முனையில் வைத்திருக்கும் தாளை நாம் கூப்பிட்டு இழுத்துக்கொள்வது. உங்களுக்குத் தேவையில்லை.

ஷிப்பிங் மாப்பிள்ளை:
ஓவர்சீஸ் மோட் பற்றி யாரும் சொல்லவில்லையே. வெளிநாட்டு லைனில் இரைச்சல் இருந்தால் அதைப் பொறுத்துக்கொண்டு அனுப்புவதற்கு. பல மெஷின்களில் ஒரு ஃபேக்ஸ் போனதும் தானே ஆஃப் ஆகிவிடும், ஒவ்வொரு தடவையும் போட வேண்டும். 'டிலேட் ஃபேக்ஸ்' இருந்தால் அதையும் பாருங்கள்: நம்ம நேரம் காலை 5.30 வைத்தால் ஒசாகாவில் 9 மணிக்குப் போய் இறங்கும்.

பழைய டெலிகாம்:
இணைப்பு கொடுத்தவரிடம் டி.38 உண்டா என்றும் கேளுங்கள். அது ஃபேக்ஸைச் சத்தமாக அனுப்பாமல் டேட்டாவாகவே அனுப்பும் முறை. இல்லை என்றால் அந்தப் போர்ட்டில் ஜி.711 கோடெக் (சத்தத்தை டேட்டாவாக மாற்றும் முறை) வைக்கச் சொல்லுங்கள். ஜி.729 இருந்தால் குரலைச் சுருக்கிவிடும், அதில் ஃபேக்ஸ் தேறாது. கால் சென்டரில் உடனே புரியாது, லைன் பார்க்க வருகிற பையனிடம் கேளுங்கள்.