38 வயதில் மாரடைப்பு: ஜீன் டெஸ்ட் தேவையா?

கொழுப்புக்கணக்கு:
பேச்சுக்கு ஒரு கேஸ். ஆண், 38. மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தாயிற்று. புகை, சர்க்கரை இல்லை. போன வருடச் செக்கப்பில் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 214. அப்பாவுக்கு 49-ல் அட்டாக். 'இதய மரபணு பேக்கேஜ்' எடுக்கலாமா?

வேண்டாம் என்பது என் கட்சி. பரம்பரைக் கொழுப்பு நோயா என்று கணிக்கும் டச்சு லிப்பிட் கிளினிக் மதிப்பெண் போடுங்கள்: எல்டிஎல் 190–249-க்கு 3, தனக்கே இளவயது அடைப்பு 2, அப்பாவுக்கு 1. மொத்தம் 6. குடும்பவழி அதிகொலஸ்ட்ரால், அதாவது எஃப்ஹெச், இருக்க வாய்ப்பு அதிகம். குதிகால் தசைநாணில் கொழுப்புக் கட்டி இருந்தால் இன்னொரு 6. 8-ஐத் தாண்டினாலே உறுதி. எல்டிஎல் ஏற வேறு காரணம் உண்டா என்று தைராய்டும் சிறுநீர்ப் புரதமும் பார்த்துவிட்டு மருந்தை ஏற்ற வேண்டியதுதான். ரிப்போர்ட் வந்து மாத்திரை மாறப்போகிறதா?

எக்ஸான்18:
அவருக்கு மாறாது. தம்பி, தங்கை, பிள்ளைகள்? ஆளுக்கு 50 சதவீத வாய்ப்பு. எஃப்ஹெச் உள்ள சிலருக்கு எல்டிஎல் 150-லேயே நிற்கும்; லிப்பிட் ப்ரொஃபைலை மட்டும் நம்பினால் அவர்கள் நழுவிவிடுவார்கள். இவரிடம் எந்த ஜீன் பிறழ்வு என்று தெரிந்துவிட்டால் மற்றவர்களுக்கு அந்த ஓரிடத்தைப் பார்த்தாலே போதும்.

2016-ல் வந்த ஆய்வு ஒன்று: எல்டிஎல் 130-க்குக் கீழே, பிறழ்வும் இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், பிறழ்வு இல்லாமல் 190-க்கு மேல் இருப்பவர்களுக்கு இதய அடைப்பு ஆபத்து 6 மடங்கு. அதே 190, கூடவே பிறழ்வு என்றால் 22 மடங்கு. பிறந்த நாள் முதலே ரத்தக்குழாய் அந்தக் கொழுப்பில் ஊறுகிறதே!

கொழுப்புக்கணக்கு:
22 மடங்கு சரி. அந்தப் பேக்கேஜ் எஃப்ஹெச் ஜீனைப் பார்க்கிறதா என்பதுதான் கேள்வி. பாதிக்கு மேல் 9பி21 (9-ஆம் குரோமோசோமில் ஓரிடம்) போன்ற, பலரிடமும் இருக்கும் பொது மாறுபாடுகளை எண்ணி மார்க் போடும் வேலை என்றால்? 9பி21 தெரிய வந்தது 2007-ல். ஒரு பிரதிக்கு ஆபத்து கூடுவது சுமார் 25–30 சதவீதம்; கொழுப்பு வழியாக வேலை செய்வதுமில்லை. கையில் கிடைத்து என்ன செய்ய?

ஆயுசுக்கொருமுறை:
ரெண்டு பேரும் எல்பி-ஏவை, அதாவது எல்டிஎல் மாதிரியே கொலஸ்ட்ராலைச் சுமக்கற இன்னொரு ரத்தத் துகளை, விட்டுட்டீங்க. அளவு பெரும்பாலும் எல்பிஏ ஜீன் கைல இருக்கு, சாப்பாட்டால மாறாது, கொலஸ்ட்ரால் மாத்திரையான ஸ்டேட்டினும் இறக்காது. டெசிலிட்டருக்கு 50 மி.கி. அல்லது லிட்டருக்கு 125 நானோமோலுக்கு மேல இருந்தா கவனிக்கணும். ரெண்டு அலகையும் ஒரே எண்ணால பெருக்கி மாத்தக் கூடாது. துகள் அளவு ஆளுக்கு ஆள் வேற.

முக்கியமா, எல்பி-ஏல இருக்கற கொலஸ்ட்ராலும் சேர்ந்துதான் அந்த 214. எல்பி-ஏ ரொம்ப ஏறியிருந்தா எல்டிஎல் உண்மையில 190-க்குக் கீழ வரலாம். 3 மார்க் 1 ஆகும், மொத்தம் 4, 'இருக்கலாம்'ங்கற கட்டத்துக்கு இறங்கிடும்!

எக்ஸான்18:
அப்படியானால் முடிச்சை அவிழ்க்க ஜீன் டெஸ்ட்தான் வேண்டும். எஃப்ஹெச் ஜீன்களான எல்டிஎல்ஆர், ஏபிஓபி, பிசிஎஸ்கே9 மூன்றையும் முழுதாக வரிசைப்படுத்துவது. 9பி21 மார்க் அல்ல. எல்டிஎல்ஆரில் ஒரு துண்டே காணாமல் போயிருக்கலாம், அதைத் தேடினார்களா என்று லேப்பில் கேட்க வேண்டும். கேட்காமல் வாங்கும் 'நெகட்டிவ்' அரைகுறை.

இன்னொரு பொறி: மாரடைப்புக்குப் பிறகு எல்டிஎல் தானே இறங்கும். மூன்றாம் நாள் குறைவாகக் காட்டியது என்று எஃப்ஹெச்சைத் தள்ளிவிடாதீர்கள்; பழைய ரிப்போர்ட்டைத் தேடுங்கள்.

கொழுப்புக்கணக்கு:
'பொருள் தெளிவில்லாத மாறுபாடு', அதாவது கெடுதலா இல்லையா தெரியாது, என்று வந்தால்? அதை வைத்துத் தங்கைக்கு ஒன்றும் சொல்ல முடியாது. மறுபடி லிப்பிட் ப்ரொஃபைல்தானே! ஒரு இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கிறேன்: மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்தில் கட்டிய குடும்பம். இருவரிடமும் அதே பிறழ்வு இருந்தால் நாலில் ஒரு குழந்தைக்கு இரட்டைப் பிரதி வரும், எல்டிஎல் 400-ஐத் தாண்டலாம், பத்து வயதுக்குள்ளேயே அடைப்பு வரலாம். அங்கே டெஸ்ட் எடுக்கட்டும். மற்ற வீடுகளில் முதலில் எல்லோருக்கும் எல்டிஎல், எல்பி-ஏ.