ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுத்த ஈதர், குளோரோஃபார்ம் மாஸ்க்: யாருக்காவது நினைவிருக்கிறதா?

கொடைக்கானல் மீனா:
1968, டான்சில் ஆபரேஷன். எனக்கு எட்டு வயது. கண்ணுக்கு மேல் ஈரத்துணி. மூக்கின் மேல் அந்தக் கம்பிக் கூடு, அதில் நாலைந்து மடிப்பு காஸ் துணி. சொட்டுச் சொட்டாக குளோரோஃபார்ம் விட்டார்கள். "எண்ணு பாப்பா" என்றார் நர்ஸ் அக்கா. ஐந்துக்கு மேல் மூச்சு அடைத்தது. அவர் கையை இறுக்கிப் பிடித்துக் கீறிவிட்டேன். கண் விழித்தபோது விடிய விடிய வாந்தி. பேசின் பிடித்தது அதே கை, மூன்று நகக் கோடுகளோடு. இன்னும் அது என் கண்ணுக்குள் நிற்கிறது.

கோத்தகிரி ஆபரேஷன் தியேட்டர் ஆள்:
எங்களிடம் ஈ.எம்.ஓ. இருந்தது, ஈதரை ஆவியாக்கி மயக்கம் கொடுக்கிற கருவி. அறைக் காற்றையே இழுத்துக்கொள்ளும், சிலிண்டர் கட்டாயமில்லை. மலைப்பாதையில் மண் சரிந்தால் மேட்டுப்பாளையத்திலிருந்து லாரி வராது, அப்போது அதுதான் கதி. ஈதர் ஆவியாகும்போது குளிர்ந்துபோகும், அதனால் சுற்றி ஒரு தண்ணீர்த் தொட்டி. ஒரு டிசம்பர் காலை, நோயாளி நடுங்குகிறாரே என்று வார்டு பையன் கரிக் கணப்பை வாசல்வரை கொண்டுவந்துவிட்டான். ஈதர் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு ஊர்ந்து போகும், நெருப்புப் பட்டால் பற்றிக்கொள்ளும். டாக்டர் ஓடிப்போய் வெறுங்கையால் அந்தச் சட்டியைத் தூக்கி வெளியே வீசினார். கை வெந்துவிட்டது. பையனை ஒரு வார்த்தை திட்டவில்லை.

ஊட்டி பழம்பொருள் பிரியன்:
மீனா அக்கா, அது குளோரோஃபார்ம் இல்லை, ஈதர். குளோரோஃபார்ம் இனிப்பு வாசனை, மூச்சை இப்படி அடைக்காது. இதயத்தைத்தான் நிறுத்திவிடும். அந்தச் சந்தேகத்துக்காகவே ஹைதராபாத்தில் 1888-லும் 1889-லும் கமிஷன் உட்கார்ந்தது. கம்பிக் கூடு ஷிம்மல்புஷ் மாஸ்க். விளிம்பைச் சுற்றி ஒரு பள்ளம் இருக்கும், மருந்து முகத்தில் வழியாமலிருக்க. ஒரு கடையில் அதை டீ வடிகட்டி என்று விற்றார்கள், வாங்கி வைத்திருக்கிறேன்.
ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். வீட்டில் பழைய ஈதர் பாட்டில் இருந்தால் மூடியைத் திருகாதீர்கள். நாள்பட்ட ஈதரில் பெராக்சைடு சேரும், திருகும் உரசலிலேயே வெடிக்கலாம். குலுக்க வேண்டாம், சாக்கடையில் கொட்டவும் வேண்டாம். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். மாஸ்க் மட்டும் இருந்தால் பயமில்லை. புளி போட்டுத் தேய்க்காதீர்கள், நிக்கல் முலாம் போய்விடும்.

கொடைக்கானல் மீனா:
சரி தம்பி, இனிப்பு இல்லை, தொண்டையை அறுக்கிற நெடி. ஈதர்தான். அந்த அக்கா பழனிப் பக்கம் என்று அம்மா சொன்ன ஞாபகம். அவரைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தப் பாப்பா மன்னிப்புக் கேட்டாள் என்று சொல்லிவிடுங்கள்.