சாவுச் செய்தி கைப்பேசியில் வந்தபோது: மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்து உறவுகளின் அனுபவங்கள்

பாயான் லெப்பாஸ் அக்கா

என் தாய்மாமா காலமானதைக் குடும்பப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில்தான் நான் அறிந்துகொண்டேன். தொழிற்சாலையில் கைப்பேசியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது பினாங்கில் வேலை செய்யும் நம் ஊர்ப் பிள்ளைகள் அனைவருக்கும் தெரிந்ததே. சாப்பாட்டு நேரத்தில் எடுத்துப் பார்த்தபோது, குத்துவிளக்கு போட்ட இரங்கல் படம் முதலில் திறந்தது. அதிலிருந்த மாமாவின் முகத்தை என் திருமணப் படத்திலிருந்து வெட்டியிருந்தார்கள். அவர் தோள்மேல் மருதாணி வைத்த என் விரல்கள் அப்படியே இருந்தன. அதன்கீழ் கூப்பிய கைகள் வரிசை வரிசையாக வந்திருந்தன. அம்மா அழைத்திருந்ததை அதற்குப் பிறகுதான் கண்டேன். அம்மாவின் குரலில் கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே அழுதிருப்பேன்; மாறாக, அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கும் இப்படி நேர்ந்ததுண்டா?

ஓய்வுபெற்ற கிராணி

தங்கச்சி, 1980களில் நான் கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலை பார்த்த தோட்டத்தில் அலுவலகத்திலும் துரை பங்களாவிலும் மட்டுமே தொலைபேசி இருந்தது. ஒரு நாள் ரப்பர் பால் எடுக்கும் நேரத்தில் கிள்ளானிலிருந்து அழைப்பு வந்தது. நம் தோட்டத்து அம்மா ஒருவரின் மகன் சாலை விபத்தில் இறந்துவிட்டான். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் பால் வெட்டும் மர நிரைக்கே போனேன். அந்த நேரத்தில் கிராணி பால்மரக்காட்டுக்குள் வரமாட்டார் என்பது அவருக்குத் தெரியும். என்னைக் கண்டதும் கையிலிருந்த மங்கு எனும் பால் கிண்ணத்தை வாளிக்குள் கவிழ்த்து, சொட்டும் சிந்தாமல் வாளியைத் தரையில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நான் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. துக்கம் சொல்ல ஓர் ஆள் நேரில் போக வேண்டும் என்று நம் முன்னோர் வைத்த முறையில் பெரிய அறிவு இருக்கிறது. கேட்பவர் தடுமாறினால் பிடித்துக்கொள்ள ஒரு கை அங்கே இருக்கும். இந்தக் காலத்துப் பிள்ளைகள் அதைக் கைவிட்டது எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

லயத்துப் பேத்தி

ஐயாவின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்த அலுவலகத் தொலைபேசியை இவ்வளவு உயர்த்திப் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. என் அம்மா சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனபின் என்னைப் பாட்டிதான் வளர்த்தார். அம்மா அழைக்கும்போதெல்லாம் பாட்டி அலுவலகச் சன்னலோரம் நின்று, உள்ளே இருப்பவர்கள் அனைவர் காதிலும் விழும்படி பேச வேண்டியிருந்தது. அப்பா வீட்டை விட்டுப் போன செய்தி நாங்கள் லயத்து வரிசை வீட்டுக்குத் திரும்புவதற்குள் குழாயடியில் பேச்சாகிவிட்டது. அதனால் பாட்டி அழைப்பு வந்தாலும் "சரி, சரி" என்று மட்டும் சொல்லக் கற்றுக்கொண்டார்.

பிறகு அம்மா ஒரு நோக்கியா 3310 வாங்கிக் கொடுத்தார். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இரண்டாம் எண் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்தால் அம்மாவுக்கு அழைப்பு போகும்படி செய்து வைத்திருந்தோம். லயத்தில் சிக்னல் கிடைக்காததால் மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் உள்ள மேட்டில் ஏற வேண்டும். முதல் நாள் பாட்டி தனியாக ஏறிப் போய், செம்பனை மரங்களின் ஓரத்தில் நின்று, வாய்விட்டு அழுதுகொண்டே பேசினார். அவர் அழுது அதற்குமுன் நான் பார்த்ததே இல்லை. தன் துயரத்தை வேறு எவருக்கும் தெரியாமல் மகளிடம் சொல்லும் உரிமையை என் பாட்டிக்கு அந்தக் கைப்பேசிதான் கொடுத்தது. ஐயா, ஓர் ஆள் நேரில் வருவது நல்லதுதான். எந்த ஆள் என்று தேர்ந்தெடுக்கும் வசதி எங்கள் வீட்டுக்கு இருக்கவில்லை.

பாயான் லெப்பாஸ் அக்கா

தங்கச்சி சொல்வதும் உண்மை. அந்தப் படத்தைச் செய்த தம்பியிடம் பதினாறாம் நாள் காரியத்தின்போது பேசினேன். கோபத்தோடுதான் போனேன். அவனும் செய்தியைக் குழுவில்தான் பார்த்திருக்கிறான். அவனையும் யாரும் அழைக்கவில்லை. கோலாலம்பூரில் அறையில் தனியாக இருந்தவன், என்ன செய்வதென்று தெரியாமல் படம் செய்திருக்கிறான்.

ஈப்போவாசி

கொரோனா கால நடமாட்டக் கட்டுப்பாடு 2020 மார்ச் 18ஆம் நாள் தொடங்கியதை எல்லோரும் நினைவில் வைத்திருப்பீர்கள். அப்பா மருத்துவமனையில் இருந்தார். எங்களை உள்ளே விடவில்லை. ஒரு தாதி தன் கையில் கைப்பேசியைப் பிடித்து அப்பாவிடம் காட்டினார். அப்பா திரையைப் பார்க்கவேயில்லை. என் குரல் கேட்டதும், நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறேன் என்று நினைத்து, வலப்பக்கமும் இடப்பக்கமும் தலையைத் திருப்பித் தேடினார். அதன்பின் காணொலி அழைப்பு வந்தால் நான் எடுப்பதில்லை. குரல் அழைப்பாக இருந்தால் மட்டும் பேசுகிறேன்.

கைப்பேசி பழுதுபார்ப்பவன்

மழை நீரில் ஊறிய கைப்பேசி ஒன்றை ஒருவர் என் கடைக்குக் கொண்டுவந்து, அது இயங்காவிட்டாலும் பரவாயில்லை, இறந்துபோன மனைவி அனுப்பிய குரல் பதிவுகளை மட்டும் எடுத்துக் கொடுக்கும்படி கேட்டார். என்னால் முடியவில்லை.

அதனால் யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். புலனத்தில் வரும் குரல் பதிவுகள் கைப்பேசியில்தான் கிடக்கும். காப்புப் பிரதி எடுக்காமல் கைப்பேசி கெட்டுப்போனால் அவை போய்விடும். அமைப்புகளில் அரட்டைக்குள் சென்று காப்புப் பிரதியைச் செயற்படுத்துங்கள். ஆண்ட்ராய்டில் அது இப்போது கூகுள் கணக்கின் 15 ஜிபி இலவச இடத்தைப் பயன்படுத்துகிறது. இடம் நிறைந்தால் பிரதி நின்றுவிடும். மிக முக்கியமான பதிவுகளைத் தனியாகப் பகிர்ந்து கணினியிலும் வைத்துக்கொள்ளுங்கள். மறைந்துவிடும் செய்திகள் என்ற அமைப்பு உங்கள் குடும்பக் குழுவில் இயங்குகிறதா என்றும் பாருங்கள்.

இறந்தவரின் முன்கட்டண எண்ணை வைத்திருக்க விரும்பினால், அதன் காலாவதிக்குமுன் பணம் ஏற்றுங்கள்; இல்லையேல் எண் இரத்தாகிப் பின்னர் வேறொருவருக்குப் போகலாம். நம் நாட்டில் 3ஜி சேவை 2021ஆம் ஆண்டு இறுதியில் நிறுத்தப்பட்டது. 4ஜி வசதி இல்லாத பழைய கருவிகள் இப்போது 2ஜியை மட்டுமே நம்பியிருப்பதால், தோட்டத்து உட்பகுதியில் முதியவர் அழைப்பை எடுக்கவில்லை என்று கோபப்படுமுன் அவர் கையில் எந்தக் கருவி இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் மகன் விபத்தில் சிக்கினான், உடனே பணம் அனுப்புங்கள் என்று எவராவது அழைத்தால், அழைப்பைத் துண்டித்து மகனின் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள்; பணம் அனுப்பிவிட்டிருந்தால் தாமதிக்காமல் மோசடிப் புகார் எண்ணான 997க்குச் சொல்லுங்கள்.

பாயான் லெப்பாஸ் அக்காவுக்கு ஒன்று: தொழிற்சாலையின் பொது எண்ணை அம்மாவிடம் எழுதிக் கொடுத்திருந்தால் ஆள் வந்து உங்களைக் கூப்பிட்டிருப்பார்கள்.

பாயான் லெப்பாஸ் அக்கா

தம்பி, அந்த எண் எங்கள் வீட்டு நாட்காட்டியின்மேல் எழுதித்தான் இருக்கிறது. அம்மா அன்று முதலில் அழைத்ததும் அதற்குத்தான். பதிவுசெய்த குரல் ஆங்கிலத்திலும் மலாயிலும் பேசி, ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று சொல்லிக்கொண்டே போனது. அம்மா அந்தக் குரலை ஓர் ஆள் என்று நினைத்துத் தமிழில் செய்தியைச் சொல்லியிருக்கிறார், "என் மகளிடம் கொஞ்சம் சொல்லிவிடுங்கள்" என்று. இப்போது என் பிரிவுத் தலைவியின் சொந்த எண்ணை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அவர் மலாய்க்காரர், அம்மா என் பெயரை மட்டும் சொன்னால் போதும், கூடத்துக்குள் வந்து என்னைக் கூட்டிவருவதாகச் சொல்லியிருக்கிறார்.