ஆர்.எக்ஸ். 100 பின் வீல் பேரிங் மூன்றாவது தடவையும் போய்விட்டது: பேரிங் குற்றமா, வேலை குற்றமா?

புகைக்குதிரை:
வணக்கம். வண்டி 1994 யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக். போன தை மாதம் பின்பக்கக் கம்பி வீலை எடுத்துவிட்டு, புதுப்பேட்டையில் வாங்கிய வேறொரு வண்டியின் அலாய் வீலை மாட்டினேன். டயர் 100/90-18. வீலில் இருப்பது 6202 பேரிங், உள் விட்டம் 15 மி.மீ. நான் போட்டிருப்பது 12 மி.மீ. ஆக்ஸில். அதனால் பக்கத்து லேத்தில் அந்த இடைவெளியை நிரப்ப இரண்டு புஷ்ஷும், இரண்டு பேரிங்குக்கும் நடுவில் நிற்க ஒரு ஸ்பேசர் குழாயும் கடைந்து வாங்கினேன்.

வீலோடு வந்த பழைய பேரிங் 1,800 கி.மீ.யில் போனது. சரி, பழசு என்று விட்டுவிட்டேன். அடுத்து நல்ல கம்பெனி, சீல் உடைக்காத பெட்டி, இரண்டு பக்கமும் ரப்பர் சீல். அது 2,100. மூன்றாவதும் அதே கம்பெனி. 1,500-ல் உறும ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் செயின் பக்கம், அதாவது இடது பேரிங்தான் போகிறது. வலது பேரிங் பார்க்க நன்றாகவே இருக்கிறது. எங்கே தப்பு?

ஸ்பேர்ஸ் அண்ணாச்சி:
தம்பி, இருபது வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். பத்தில் எட்டு கேஸ் டூப்ளிகேட் பேரிங்தான். பெட்டி, ஹாலோகிராம் எல்லாம் இப்போது அசலைவிட அழகாக அடிக்கிறார்கள். பேரிங் மேல் உள்ள எழுத்தைப் படம் எடுத்து கம்பெனிக்கே அனுப்பிக் கேளுங்கள். மாட்டும்போது சி-3 கிளியரன்ஸ் (குண்டுக்கு உள்ளே கொஞ்சம் கூடுதல் இடைவெளி) உள்ளதாகப் பார்த்து மாட்டுங்கள். அப்புறம் செயின் எவ்வளவு டைட் வைத்திருக்கிறீர்கள்? இடது பக்கம் மட்டும் போகிறது என்றால் செயின் இழுக்கிறது என்று அர்த்தம்.

ஒரிஜினல் மட்டும்:
98 சி.சி. வண்டிக்கு எதற்கு அந்த அகல டயர்? கம்பெனிக்காரன் பின்னால் ஒல்லி டயர் போட்டது முட்டாள்தனத்தாலா? கனம் கூடினால் பேரிங் போகத்தான் செய்யும். சட்டமும் தெரிந்துகொள்ளுங்கள். கம்பெனி கொடுத்த அளவுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52.

கடைசல்காரன்:
சட்டத்தை விட்டுவிடுகிறேன், அது வேறு வழக்கு. கனத்தால் போனது என்பதை மட்டும் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

6202-இன் இயங்கு சுமைத் திறன் (பத்து லட்சம் சுற்று ஓடத் தாங்கும் சுமை) சுமார் 8 கிலோ நியூட்டன், 800 கிலோ என்று வையுங்கள். வண்டி நூறு கிலோ சொச்சம். இரண்டு பேர் ஏறினால் பின் வீலில் 170 கிலோ, ஒரு பேரிங்குக்கு 85. எண்ணூறை 85-ஆல் வகுத்து மும்மடி போட்டால் 830 மில்லியன் சுற்று வரும். இந்த டயர் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர் போகும். ஆக 16 லட்சம் கி.மீ. குழி, மேடு என்று சுமையை இரட்டிப்பாக்கினாலும் ஆயுள் எட்டில் ஒன்றாகக் குறையும், அப்போதும் இரண்டு லட்சம். தம்பிக்கு அதிகபட்சம் வந்ததே 2,100. டயர் அகலத்தால் இது நடக்காது.

என் சந்தேகம் அந்த ஸ்பேசர் குழாய் மேல். ஆக்ஸில் நட்டை முறுக்கும்போது அந்த அழுத்தம் இன்னர் ரேஸ் (பேரிங்கின் உள்வளையம்), ஸ்பேசர், அடுத்த இன்னர் ரேஸ் என்று நேர்கோட்டில் போக வேண்டும். ஸ்பேசர் கொஞ்சம் குட்டையாக இருந்தால் அது குண்டு வழியாகப் போகும். 12 மி.மீ. நட்டை 60 நியூட்டன் மீட்டர் முறுக்கினால் ஏறக்குறைய இரண்டரை டன் இறுக்கம். 6202 நின்ற நிலையில் தாங்குவதே 380 கிலோ சொச்சம், அதுவும் மேலிருந்து கீழாக. பக்கவாட்டில் அதில் பாதிதான்.

ஸ்பேர்ஸ் அண்ணாச்சி:
கணக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் ஸ்பேசர் குட்டை என்றால் இரண்டு பேரிங்கும் ஒரே மாதிரி நசுங்க வேண்டும். இடது மட்டும் ஏன் போகிறது? இதற்குப் பதில் சொல்லுங்கள் சார்.

கடைசல்காரன்:
நியாயமான கேள்வி அண்ணாச்சி. இரண்டும் நசுங்குகின்றன. இடது பக்கம் அதற்கு மேல் செயின் இழுவையும் சேருகிறது, அதனால் அது முந்திக்கொள்கிறது என்பது என் எண்ணம். எண்ணம் மட்டும் போதாது. வலது பேரிங்கைத் திறந்து பார்க்காமல் நீங்களும் நானும் அடித்துக்கொள்வதில் பயனில்லை.

புகைக்குதிரை தம்பி, நான்காவது பேரிங் வாங்கும் முன் இதைச் செய்யுங்கள். கழற்றும் முன்பே இரண்டு பேரிங்கின் வெளிமுகத்திலும் மார்க்கரால் புள்ளி வையுங்கள். எடுத்ததும் சீலைத் தூக்கிவிட்டு, குண்டுகளைப் பிடித்திருக்கும் கூண்டின் ரிவெட்டை உடைத்து, குண்டுகளை ஒரு பக்கமாக ஒதுக்கினால் ரேஸ் இரண்டும் பிரிந்துவிடும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பேரிங் இரும்பு கண்ணாடிச் சில்லு மாதிரித் தெறிக்கும். பெட்ரோலில் கழுவி வெயிலில் பிடித்துப் பாருங்கள்.

வீலில் இன்னர் ரேஸ் சுற்றாது, அவுட்டர், அதாவது வெளிவளையம்தான் சுற்றும். வெறும் கனம் மட்டும் தாங்கியிருந்தால் இன்னரில் ஒரு பக்கம் மட்டும், குண்டு ஓடும் பள்ளத்தின் நடுவில் தடம் இருக்கும். முழு வட்டமும் தடம் ஓடி, அது பள்ளத்தின் ஓரம் ஒதுங்கியிருந்தால் பக்கவாட்டில் நசுங்கியிருக்கிறது. இன்னர் ரேஸில் தடம் புள்ளி வைத்த பக்கம், அவுட்டரில் ஹப் (வீலின் நடுக்குடம்) உள்பக்கம் என்றால் ஸ்பேசர் குட்டை. நேர்மாறாக இருந்தால் ஸ்பேசர் நீளம், அல்லது இரண்டாவது பேரிங்கை அது நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி சுத்தியலால் இறக்கியிருக்கிறார்கள். குண்டுக்கு ஒன்றாகச் சம இடைவெளியில் குழி தெரிந்தால், மாட்டும்போதோ கழற்றும்போதோ இன்னர் ரேஸில் அடித்திருக்கிறார்கள் என்று பொருள். கிரீஸ் காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் தண்ணீர்.

மழைவண்டி:
தண்ணீர் என்று நான் எழுத வந்தேன். சர்வீஸ் ஸ்டேஷனில் பிரஷர் வாஷ் நாசிலை நேராக ஹப்பில் வைத்து அடிக்கிறார்கள். ரப்பர் சீல் அதற்கு நிற்காது.

புகைக்குதிரை:
வீட்டில் வாளித் தண்ணீர்தான் அண்ணே. ஞாயிறு பிரித்துவிட்டுச் சொல்கிறேன்.

புகைக்குதிரை:
பிரித்தாயிற்று. இடது பேரிங்கில் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை, ரேஸ் முழுக்கத் தோல் உரிந்த மாதிரி இருக்கிறது. கிரீஸ் கறுப்பு, துரு இல்லை. விஷயம் வலது பேரிங்கில்தான். வெளியில் நன்றாக இருந்த அதே பேரிங்! இன்னரில் முழு வட்டமும் பளபளவென்று ஒரு கோடு, புள்ளி வைத்த பக்கம் ஒதுங்கி. அவுட்டரில் உள்பக்கம். இன்னும் குழி விழவில்லை, அவ்வளவுதான்.

ஹப்பில் பேரிங் உட்காரும் ஒரு சீட்டிலிருந்து மறு சீட்டுக்கு டிஜிட்டல் வெர்னியரில் 78.4 மி.மீ. ஸ்பேசர் ஒரு பக்கம் 77.9, திருப்பி வைத்தால் 77.7. முனை சதுரமாக இல்லை.

கடைசல்காரன்:
அரை மி.மீ.க்கு மேல் குட்டை, போதாததற்குச் சாய்வு. குழாயை ஹேக்ஸாவில் அறுத்து முனையை ஃபைலில் தேய்த்துக் கொடுத்திருக்கிறார்கள் போல. 78.5 வைத்து, இரண்டு முனையையும் லேத்திலேயே ஃபேஸ் பண்ண, அதாவது சாய்வில்லாமல் சீவச் சொல்லுங்கள். ஒரு பேரிங்கை சீட் வரை இறக்குங்கள். மற்றதை ஸ்பேசர் தொடும் வரை மட்டும். அவுட்டர் ரேஸ் அளவு சாக்கெட் வைத்து அடியுங்கள், அல்லது பிரஸ்.

புஷ்ஷின் காலரையும் (வெளிப்பக்க விளிம்பு) பாருங்கள். அது இன்னர் ரேஸை மட்டுமே தொட வேண்டும். 6202-இல் இன்னர் ரேஸின் வெளி விட்டம் 21, 22 மி.மீ.தான். காலர் அதைவிட அகலம் என்றால் சீலைத் தேய்க்கும். ஹப்பில் பேரிங் கையால் இறங்குகிறதா? இறங்கினால் துளை லூஸ். அதை இறுக்க என்று சென்டர் பஞ்ச் அடித்துப் புள்ளி வைக்க விடாதீர்கள். பட்டறையில் சாதாரணமாகச் செய்கிற வேலைதான், ஆனால் புள்ளி நுனியில் நிற்கும் பேரிங் நாளைக்கே ஆடும். துளைக்குள் ஸ்லீவ் (பொருந்தும் குழாய் வளையம்) போடுவதுதான் சரி.

ஒரிஜினல் மட்டும்:
கம்பி வீலைக் கழற்றாமல் இருந்திருந்தால் ஸ்பேசரே கடைய வேண்டியிருந்திருக்காது. இதை மட்டும் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள்.

கடைசல்காரன்:
அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஸ்பேர்ஸ் அண்ணாச்சி:
ஸ்பேசர் குட்டைதான், சரி. ஆனால் செயின் லைனை யாராவது பார்த்தீர்களா? வேறு வண்டி ஹப், முன் ஸ்ப்ராக்கெட்டோடு நேராக நிற்குமா? அதையும் பார்க்காமல் மூடினால் ஸ்ப்ராக்கெட் கூட்டிலுள்ள பேரிங் அடுத்து போகும்.

புகைக்குதிரை:
நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்தேன். அண்ணாச்சி சொன்னது சரி, பின் ஸ்ப்ராக்கெட் 3 மி.மீ. வெளியே நிற்கிறது. செயினும் டைட்தான். ஆள் உட்காராமல் பார்த்து இறுக்கியிருக்கிறேன், உட்கார்ந்தால் கம்பி மாதிரி விறைக்கிறது. இடது புஷ்ஷின் காலர் தடிமனை 3 மி.மீ. கூட்டி, வலதில் குறைத்துவிட்டோம். காலர் அகலம் 26 இருந்தது, 21 ஆக்கியாயிற்று. வீல் அதனால் 3 மி.மீ. வலது பக்கம் நகர்ந்திருக்கிறது. ஓட்டும்போது தெரியாது என்று நினைக்கிறேன்.

கடைசல்காரன்:
மாட்டும் முன் ஒரு சோதனை. வீலை வெளியிலேயே வைத்து, ஆக்ஸிலில் புஷ், வாஷர் எல்லாம் கோர்த்து நட்டை முறுக்குங்கள். கையால் சுற்றிக்கொண்டே முறுக்குங்கள். நட் இறுக இறுக வீலும் இறுகினால் ஸ்பேசர் இன்னும் குட்டை.

புகைக்குதிரை:
பழைய ஸ்பேசரைப் போட்டும் செய்து பார்த்தேன். அரைச் சுற்று கூடுதலாக முறுக்கியதும் வீல் மாவு பிசைகிற மாதிரி ஆகிவிட்டது. புதியதில் முழுக்க முறுக்கியும் ஒரே மாதிரி சுற்றுகிறது. இதை முதலிலேயே செய்திருந்தால் மூன்று செட் காசு மிச்சம்.

ஸ்பேர்ஸ் அண்ணாச்சி:
2,000 ஓடிவிட்டு வந்து சொல்லுங்கள் தம்பி.

புகைக்குதிரை:
இன்று 2,600. திண்டிவனம் வரை இரண்டு பேராகப் போய்விட்டு வந்தேன். வீலைக் கழற்றி இரண்டு பக்கமும் விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு போகிறது. இடது சீலைத் தூக்கினேன், கிரீஸ் வாங்கிய நாள் நிறத்திலேயே இருக்கிறது.

ஸ்பேர்ஸ் அண்ணாச்சி:
பார்த்தீர்களா? இந்தத் தடவை பேரிங் என் கடையில் வாங்கியது.

கடைசல்காரன்:
அண்ணாச்சி, இரண்டாவதும் மூன்றாவதும் இதே கம்பெனிதான். முதல் பதிவைப் படியுங்கள்.