ரெண்டு வருஷம் வேலை பார்த்தவன ஒரே ராத்திரில நிறுத்தலாமா? ஜவுளிக்கடை விஷயம்

நெல்லை செல்வி:
என் தம்பி இங்க ஒரு ஜவுளிக்கடையில ரெண்டு வருஷத்துக்கு மேல சேல்ஸ்ல இருந்தான், போன வாரம் கடை மூடுற நேரத்துல சூப்பர்வைசர் கூப்ட்டு நாளைலருந்து வரவேண்டாம்னு சொல்லிட்டாரு. கேட்டா ஸ்டாக் குறையுதாம். அதுக்குன்னு சம்பளத்துலயும் பிடிச்சுட்டாங்க, ஒரு விசாரணை கெடையாது. காலைல ஒம்பதரைக்குப் போனா ராத்திரி பத்து வரைக்கும் நின்னுக்கிட்டே வேலை, சாப்பாட்டுக்கு இருபது நிமிஷம். தனியார் கடைக்கெல்லாம் சட்டமே கிடையாதுங்காங்க, நெசமா?

கடைவீதி முருகன்:
தங்கச்சி, நான் சின்னதா கடை வச்சிருக்கவன், அந்தப் பக்கத்தையும் சொல்றேன். சரக்கு குறைஞ்சா நஷ்டம் முதலாளிக்குத்தான். நம்பிக்கை போன ஆள கல்லாப் பக்கத்துல எப்படி வச்சிருக்க முடியும்? கடைன்னா கூட்டம் வர்ற நேரத்துல நிக்கத்தான் வேணும். பிடிக்கலன்னா வேற கடை பாக்கலாம், யாரும் கட்டிப்போடல.

குமாஸ்தா கணேசன்:
சட்டம் கிடையாதுன்னு சொன்னது தப்புங்க. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947லருந்து இருக்கு. அதுல 41வது பிரிவு, ஆறு மாசம் தொடர்ச்சியா வேலை பார்த்தவர நியாயமான காரணம் இல்லாம நிறுத்தக்கூடாது, காரணம் இருந்தாலும் ஒரு மாச நோட்டீஸ் இல்லன்னா ஒரு மாச சம்பளம் குடுக்கணும். திருட்டு மாதிரி குற்றச்சாட்டுன்னா நோட்டீஸ் வேண்டாம், ஆனா விசாரணை வச்சு சாட்சியத்த எழுத்துல பதிவு பண்ணியிருக்கணும். வாயால "குறையுது"ன்னு சொன்னா போதாது. சம்பளத்துல பிடிக்கணும்னாலும் அந்தச் சரக்கு அவர் பொறுப்புல ஒப்படைச்சதா இருக்கணும், அவர் கவனக்குறைவாலதான் போச்சுன்னு இருக்கணும், அவர்ட்ட விளக்கம் கேட்டிருக்கணும். ஃப்ளோர்ல இருக்க எல்லார் தலையிலயும் பங்கு போட்டுப் பிடிக்கிறதெல்லாம் செல்லாது.

கடைவீதி முருகன்:
எல்லாம் சரி சார், தீபாவளிக்கு ரெண்டு வாரம் இருக்கப்ப அட்வான்ஸ வாங்கிட்டு போன ஆஃப் பண்ணிட்டு நின்னுட்டானே ஒருத்தன், அவன் எனக்கு ஒரு மாச நோட்டீஸ் குடுத்தானா? மூணு பேர் வேலை பாக்குற கடைக்கும் அஞ்சு மாடி கடைக்கும் ஒரே சட்டம்னா எப்படி. ஜிஎஸ்டி, வாடகை, கரண்ட் பில்லு, இதுல சாப்பாட்டுக்குன்னு ஒரு மணிநேரம் ஆள வெளிய அனுப்புனா வியாபாரத்த யாரு பாக்குறது?

தேனி ரேவதி:
முருகண்ணே, நான் நகைக்கடையில இருந்தவ. நாலு மணிநேரத்துக்கு மேல தொடர்ந்து வேலை வாங்கக்கூடாது, நடுவுல ஒரு மணிநேரம் ஓய்வு விடணும்னு சட்டத்துலயே இருக்கு. பேட்ச் பேட்ச்சா சாப்பிட அனுப்புனா கடை ஓடாமயா போயிரும்? நாளைக்கு எட்டு மணிநேரம், அதுக்கு மேலன்னா ரெட்டிப்பு கூலி, ஓய்வையும் சேத்து பன்னிரண்டு மணிநேரத்துக்குள்ள முடிக்கணும். ஒம்பதரைலருந்து பத்துன்னா அதுவே பன்னிரண்டரை ஆச்சு. நிக்கிறது வேற கொடுமை, கால் வீங்கி நரம்பு சுருட்டிக்கிட்டு முப்பது வயசுலயே படியேற முடியாத பொண்ணுங்கள பாத்திருக்கேன், மாசமா இருக்கவங்களும் அப்படியேதான் நிப்பாங்க. அதுக்குத்தான் 2021ல சட்டசபைல திருத்தம் கொண்டுவந்து எல்லா ஊழியருக்கும் இருக்கை போடணும்னு ஆக்குனாங்க, கேரளாவுல 2018லயே வந்துருச்சு. கஸ்டமர் இல்லாதப்ப ஒரு ஸ்டூல்ல உக்காந்தா வியாபாரம் குறைஞ்சிராது.

ஓசூர் ராஜா:
சட்டம் பேப்பர்ல இருக்கு, ஆனா கேஸ் போட்டா வருஷக்கணக்கா இழுக்கும், அதுவரைக்கும் சோறு யார் போடுவா? தம்பிய வேற வேலைக்கு அனுப்புங்க. கேஸ் போட்டவன்னு பேரு வந்தா அந்த ஊர்ல ஒரு கடையும் சேக்காது.

குமாஸ்தா கணேசன்:
ராஜா சொல்ற பயம் உண்மைதான், ஆனா எல்லாம் கோர்ட் வரைக்கும் போறதில்ல. முதல்ல ரிஜிஸ்டர் தபால்ல பாக்கி சம்பளம், நோட்டீஸ் பணம், பிடிச்ச தொகை மூணையும் கேட்டு ஒரு லெட்டர் போடுங்க. நிறுத்துனா ரெண்டு வேலைநாளுக்குள்ள கணக்கு முடிக்கணும்னு சட்டம் சொல்லுது. லெட்டர் போனதுமே பேச வர்ற கடைங்க நிறைய. அடுத்து தொழிலாளர் துறை ஆபீஸ், நிறுத்துனத எதுத்து அங்கயே மேல்முறையீடு பண்ணலாம், காலக்கெடு இருக்கறதால தள்ளிப்போடாதீங்க.

முக்கியமானது ஒண்ணு. "கணக்கு முடிச்சுத் தர்றோம், வா"ன்னு கூப்ட்டு "சொந்தக் காரணத்தால நின்னுக்கிறேன்"னு எழுதி கையெழுத்து கேப்பாங்க. வெள்ளப் பேப்பர்லயும் கேப்பாங்க. போடவே கூடாது. போட்டா அவனே நின்னதா ஆயிரும், 41 அங்கயே செத்துரும்.

நெல்லை செல்வி:
ஐயோ, நேத்துதான் போன் பண்ணி அப்படியே வரச்சொன்னாங்க. இவன் நாளைக்குப் போறதா இருந்தான்.

கடைவீதி முருகன்:
போனா கூட ஒரு பெரிய ஆள கூட்டிட்டுப் போங்கம்மா. நோட்டீஸ் விஷயத்துல எனக்கு இன்னும் சம்மதமில்ல, சின்ன கடைக்காரனுக்குன்னு அரசாங்கம் தனியா யோசிக்கணும். ஆனா உழைச்ச சம்பளத்துல பிடிக்கிறத நான் செய்யமாட்டேன்.

தேனி ரேவதி:
செல்வி, பேங்க்ல சம்பளம் வந்த மெசேஜ், ஐடி கார்டு, பிஎஃப் பாஸ்புக், கடை வாட்சப் குரூப்ல டூட்டி போட்டது எல்லாத்தையும் இன்னைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. குரூப்லருந்து தூக்குறதுதான் அவங்க முதல் வேலை.