ஸ்வீடிஷ் சொற்களைத் தமிழில் எழுதிக் கொடுக்கலாமா?

நெய்தல்: ஸ்வீடனுக்குக் குடிபோகும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு முதல் ஐம்பது சொற்களைத் தமிழ் எழுத்தில் அட்டை போட்டுக் கொடுக்கலாம் என்பது என் கட்சி. ஸ்வீடிஷுக்கு உயிரே குறிலும் நெடிலும்தான். 'க்லாஸ்' கண்ணாடி டம்ளர், 'க்லஸ்ஸ்' ஐஸ்கிரீம். உயிர் நீண்டால் மெய் ஒற்றை, குறுகினால் இரட்டை. படு, பாடு, பட்டு தெரிந்த பிள்ளைக்கு இது என்ன புதிதா?

பனிமலர்: அதுவரை சரி. 'பீல்' அட்டை காரா, அம்பா? ஸ்வீடிஷில் இவ்விரு சொற்களுக்கும் முதல் ஒலி வேறு வேறு, நம்மிடம் 'ப' ஒன்றுதான். 'நீங்கள்', 'புதிய' என்பவற்றுக்கான ஸ்வீடிஷ் சொற்கள் இரண்டுமே உங்கள் அட்டையில் 'நீ' ஆகிவிடும். அப்படியே படித்துப் பழகிய பிள்ளைக்கு வேறுபாடு காதிலும் விழாது.

நெய்தல்: பக்கத்தில் படம் வரைந்தால் போயிற்று.

பனிமலர்: படம் பொருளைத்தான் காட்டும். உள்ளங்கையை வாய்முன் வைத்துச் சொல்லச் சொல்லுங்கள்: அம்புக்குக் காற்று அடிக்கும், காருக்கு அடிக்காது. 'புதிய' வர வேண்டுமா? கண்ணாடி முன் 'ஈ' என்று இழுத்தபடி, நாக்கை அசைக்காமல், உதட்டை மட்டும் முன்னே நீட்டிக் குவிக்கட்டும். 'இப்போது' என்பதற்கான ஸ்வீடிஷ் சொல்லில் உதடு நீளாது, கிட்டத்தட்ட மூடி இறுகும். உதட்டைக் குவிக்கும்போது நாக்கையும் பின்னுக்கு இழுத்தால் நம் 'நூ'தான் வரும். பெரும்பாலும் தவறுவது அங்கேதான்.

கரையோரம்: இருவருமே ரகரத்தை விட்டுவிட்டீர்கள். ஸ்டாக்ஹோம் பேச்சில் 'ர்' அடுத்து வரும் சில மெய்களோடு கலந்து, நாக்கை மடித்துச் சொல்லும் ஒலியாகும்: குழந்தை 'பாண்', மேசை 'பூட்'. தமிழ்ப் பிள்ளைக்கு இது கைவந்த ஒலி. ஆனால் மால்மோ இருக்கும் ஸ்கோனே வட்டாரத்தில் 'ர்' தொண்டையில் உருளும், அங்கே இந்த ண், ட் கிடையாது. எந்த ஊருக்குப் போகிறார்கள் என்று கேட்காமல் அட்டை எழுத வேண்டாம்.

பனிமலர்: நல்ல குறிப்பு. எண்களிலும் ஒரு கண்ணி உண்டு. ஏழு, இருபது என்பவற்றுக்கான ஸ்வீடிஷ் சொற்களின் தொடக்கத்தையும் 'ஷூ' என்றே எழுதுவோம். ஏழுக்கு நாக்கின் பின்பக்கம் உயரும், உதடு குவியும். சூடான கஞ்சியை ஊதுவதுபோல 'ஹ்வ்' என்று காற்று வரும். இருபதுக்குக் காற்று நடு நாக்குக்கும் அண்ணத்துக்கும் இடையே மெல்ல உரசும்.

நெய்தல்: சொல் கற்பிப்பதிலாவது ஒத்துப்போவோமா? பெயர்ச்சொல்லைத் தனியே கொடுக்கக் கூடாது, 'ஒரு' என்று பொருள்படும் 'என்' அல்லது 'எத்' சேர்த்தே கொடுக்க வேண்டும். 'எத் ஹூஸ்' ஒரு வீடு, 'ஹூஸெத்' அந்த வீடு; 'என் பூக்' ஒரு புத்தகம், 'பூகென்' அந்தப் புத்தகம். பெயர்ச்சொற்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு 'என்' வகை என்பதால் பிள்ளை எல்லாவற்றுக்கும் 'என்' போடும். 'எத்' சொற்களுக்கு வேறு நிற அட்டை வேண்டும்.

பனிமலர்: முழுக்க ஒத்துக்கொள்கிறேன்.

நெய்தல்: அப்படியென்றால் க்லாஸ், க்லஸ்ஸ் அட்டைகள் இருக்கட்டும். பீல், நீ, ஷூ மூன்றையும் எடுத்துவிடுகிறேன்.

பனிமலர்: 'ஹூஸ்' அட்டையையும் எடுங்கள். அதில் இருப்பதும் 'இப்போது'வில் வரும் அதே இறுகிய உதட்டு உயிர்தான்.